வேக வண்டிக்கு ஏற்ற ஊர்

வீடு கட்ட மனை பார்க்கிறவர்கள் கிணற்றில் நீர் ஊறுமா, பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்றுதான் விசாரிப்பார்கள். வாசல் எந்தத் திசை நோக்க வேண்டும் என்று ஜோசியரைக் கேட்பவர்களும் உண்டு. தம்முடைய மோட்டார் வண்டிக்கு எந்த ஊர் ஒத்துக் கொள்ளும் என்று கேட்டுக் கொண்டு வந்த மனிதரைச் சென்ற சித்திரை மாதத்தில்தான் முதன் முதலாகச் சந்தித்தேன்.

அவர் என்னிடம் படித்த பழைய மாணவர். பெங்களூரில் பத்து வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தில் பந்தய ஜாதியைச் சேர்ந்த சிவப்பு மோட்டார் ஒன்று வாங்கியிருந்தார். அதில் இருவர்தான் அமரலாம். அமர்வது என்றால் தரையில் சப்பணம் கூட்டி அமர்வது போல. எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். வண்டியின் வயிற்றுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே நாலரை அங்குலம் இடைவெளி. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்யும் உத்தியோகமாதலால், சொந்த ஜில்லாவுக்கே குடி வந்துவிட அவர் தீர்மானித்திருந்தார். சேலமா, நாமக்கல்லா, கொல்லிமலை அடிவாரத்திலுள்ள பெற்றோரின் கிராமமா என்பதுதான் கேள்வி. "நீங்களும் கூட வந்து பார்த்துச் சொல்லுங்கள், சார்" என்றார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேஷ்டியை இடுக்கிக் கொண்டு அந்த வண்டிக்குள் இறங்கினேன். ஆம், ஏறவில்லை, இறங்கினேன்!

சேலத்துக்கு இயற்கை செய்திருக்கும் உபகாரம் சாமான்யமானதல்ல. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நாலு பக்கமும் மலைகள் காவல் நிற்கின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ராஜபாட்டையும், கொச்சிக்குப் போகும் பாட்டையும் இங்கேதான் பிரிகின்றன. டி. ஆர். சுந்தரம் அவர்களின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஏற்காட்டுச் சாலை வழியாகப் போய் மலையேறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலைப் பனியில், ஆளரவமில்லாத சாலையில், அந்த வண்டி வளைவுகளைத் தழுவிக் கொண்டு ஏறிய அழகை நான் மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸில் போனால் வளைவுக்கு வளைவு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நம் மடியில் வந்து விழுவார். இங்கே உடம்பு அசையவேயில்லை. மலைதான் நம்மைச் சுற்றி வருவது போலிருந்தது. வேகத்தில் மனிதன் ஏன் மயங்குகிறான் என்பது நாற்பத்தேழாவது வயதில் எனக்கு விளங்கிற்று.

இறங்கும்போது மணி ஒன்பது. கீழேயிருந்து வேன்கள், மோட்டார் சைக்கிள்கள், பஸ்கள், அவற்றுக்கு வரவேற்புக் கமிட்டியாகக் குரங்குகள்! மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஆகையால் வளைவுக்கு வளைவு ஒதுங்கி நின்றோம். நடுநடுவே, முன்னால் இறங்கிய பஸ் ஒன்றின் புகையைக் குடித்துக் கொண்டு முந்நூறு குதிரைச் சக்தியும் நத்தை போல் ஊர்ந்தது. குப்பனூர் வழியாக மற்றொரு பாதை இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். அதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் மட்டுமல்லவே.

"வேகம்தான் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் குடியேறலாமே?" என்று கேட்டேன். செட்டிபாளையத்தில் 2003-ஆம் வருஷத்திலிருந்து பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பந்தய வண்டி என்றால் சீமையிலிருந்துதான் வர வேண்டும் என்றிருந்த நாளில், மாருதி வண்டியின் யந்திரத்தை வைத்துக் குறைந்த செலவில் பந்தய வண்டிகளை உருவாக்கிக் காட்டிய கரிவரதன் அவர்களின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். அவர் 1995-இல் விமான விபத்தில் காலமானார். பத்து வருஷத்துக்குப் பிறகு, 2005-இல், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அத்தகைய பாதையில் எதிரே வண்டி வராது; மாடு வராது; பள்ளிக் குழந்தை வராது. மாணவர் யோசித்துவிட்டு, "மாதம் ஒரு நாள் அங்கே போய் ஓட்டிவிட்டு வரலாம், சார். குடியிருக்க இங்கேதான்" என்றார். சேலத்திலிருந்து மூன்று மணி நேரப் பிரயாணம். பதில் எனக்குச் சரியாகவே பட்டது.

பிறகு நாமக்கல். நாமகிரித் தாயாரையும் மேல்விதானமில்லாமல் நிற்கும் ஆஞ்சநேயரையும் தரிசிக்க வருகிறவர்கள், ஊருக்கு வெளியே சாலையோரம் நிற்கும் எலும்புக்கூடுகளைப் பார்க்கத் தவறக்கூடாது. அவை லாரிகள்; இன்னும் உடம்பு எடுக்காத லாரிகள். தொழிற்சாலையிலிருந்து சக்கரமும் எஞ்சினும் சட்டமும் மட்டுமாக வரும். வெயிலுக்கும் காற்றுக்கும் மறைப்பில்லாத ஆசனத்தில், முகத்தைத் துண்டால் மூடிக் கொண்டு ஒருவர் ஓட்டி வருவார். இங்குள்ள பட்டறைகளில் அதற்குக் கேபின் பிறக்கும். பக்கப் பலகைகள் முளைக்கும். தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர் என்று கை மாறிக் கை மாறி, கடைசியில் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரும் முதுகில் குழந்தைகளின் பெயரும் தாங்கி, மணப்பெண்ணைப் போல் வெளியே வரும். பெரிய யந்திரசாலைகளின் படாடோபம் ஒன்றும் இல்லை. தகப்பனிடம் மகன் கற்ற கைத்தொழில். கைத்தொழிலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இங்கே வந்து ஒரு பகல் நின்று பார்க்கலாம்.

வழியில் ஏதோ ஒரு மேட்டில் உரசி எங்கள் வண்டியின் முகவாய்க்கட்டை கீறியிருந்தது. ஒரு டிங்கரிங் பட்டறையில் நிறுத்தினோம். முதியவர் ஒருவர் தரையில் மல்லாந்து படுத்து அடிப்பாகத்தை நெடுநேரம் ஆராய்ந்தார். எழுந்து கையைத் துடைத்துக் கொண்டு, "நாங்க பாரம் தாங்கறதுக்கு வண்டி கட்டறவங்க. இதைப் பாரமே இருக்கப்படாதுன்னு கட்டியிருக்காங்க. மேல்கீறலை மறைச்சுத் தாரேன், உள்ளே கை வைக்க மாட்டேனுங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தொழிலாளி வாய்ப்பது பெரும் பாக்கியம். உள்ளே ஏதாவது கோளாறு என்றால் லாரி மீது ஏற்றிப் பெருநகரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். லாரிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை!

மத்தியானத்துக்கு மேல் சேந்தமங்கலம் வழியாகக் கிராமத்துக்குப் புறப்பட்டோம். ஓரிடத்தில் சாலை முழுவதும் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே போரடித்துக் கொடுத்துவிடும். லாரிக்கு அது ஒரு பொருட்டல்ல. தரையோடு தரையாகப் போகும் வண்டிக்கோ, செடி சுற்றிக் கொண்டு சூடேறினால் தீப்பிடிக்கவும் கூடும். மாணவர் இறங்கி, காற்சட்டையை மடித்துவிட்டு, செடிகளை ஒதுக்கினார். களத்து அம்மாள் ஒருத்தி, "இத்தனை காசு போட்டு வாங்கினியே கண்ணு, இன்னும் கொஞ்சம் உசரமா வாங்கப்படாதா?" என்று கேட்டாள்.

அவருடைய தகப்பனார் முப்பத்து நான்கு வருஷம் லாரி ஓட்டியவர். கௌஹாத்திக்கும் லூதியானாவுக்கும் முட்டையும் ஜவ்வரிசியும் ஏற்றிப் போனவர். குடியைத் தொட்டதில்லை. மதுவிலக்கை ராஜாஜி 1937-இல் முதன் முதலாக அமல் செய்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான் என்பதை அவர் சொந்தப் பெருமையாகவே சொல்லுவார். மகனுடைய வண்டியில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. நாங்கள் பார்த்துவிட்டு வந்த ஊர்களின் குணதோஷங்களை விவரித்தோம். கேட்டுவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, ஓட்டறதுக்கு ஊரு பாக்கறது எதுக்குங்க? நான் தேசம் பூராவும் ஓட்டியாச்சு. நிறுத்தறதுக்குத்தான் ஒரு ஊரு கிடைக்கலை. பையன் பொறந்தப்ப நான் நாக்பூரிலே இருந்தேன்" என்றார்.

என்னை அழைத்து வந்த உண்மைக் காரணம் அப்போதுதான் வெளிவந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுமி அங்கே லாரியில் அடிபட்டுக் காலை இழந்தாள். அன்றிரவே ஊரார் செங்கல்லும் ஜல்லியும் கொட்டி அதைப் போட்டார்கள். முன்னால் நின்று போட்டவர் இந்தத் தகப்பனார்தான். அதன் மீது சிவப்பு வண்டி ஏறாது. ஏறினால் நடுவில் தராசு போல் நின்றுவிடும். அதைச் செதுக்கிவிடும்படி மகன் ஒரு மனு தயாரித்திருந்தார். அதில் என் கையெழுத்தும் வேண்டும். தகப்பனார் அந்தக் காகிதத்தைக் கையால் தொடவும் மறுத்தார்.

நான் பள்ளிக்கூடத்து அளவுகோலை வாங்கி அளந்து பார்த்தேன். உயரம் எட்டு அங்குலம். அகலம் இரண்டு அடி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம், அகலம் 3.7 மீட்டர், ஏறக்குறையப் பன்னிரண்டு அடி. மேலே வெள்ளைக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இங்கே இருப்பதோ தடையல்ல, சுவர். பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிப் போகும் ஆம்புலன்ஸும் இதன் மேல்தான் குதித்துப் போக வேண்டும். இருட்டில் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் வந்து விழுந்தவர்களும் உண்டு என்று தகப்பனாரே ஒப்புக் கொண்டார்.

"செதுக்க வேண்டாம், இடித்துவிட்டு விதிப்படி புதிதாகப் போடச் சொல்லுங்கள்" என்றேன். மாணவர் மனக்கணக்குப் போட்டார். நாலு அங்குலத் தடை, நாலரை அங்குல வண்டி. அரை அங்குலம் மிச்சம்! "ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டியிருக்கும், சார்" என்றார்.

"பள்ளிக்கூடத்து முன்னாலே அதுக்கு மேலே போற எண்ணமா உனக்கு?" என்றார் தகப்பனார்.

மனுவை அந்தத் திண்ணையிலேயே திருத்தி எழுதினோம். புதிய தடை போடுகிற நாளில்தான் பழையதை இடிக்க வேண்டும், நடுவே ஒரு நாள்கூடத் தடையில்லாமல் இருக்கக் கூடாது என்று ஒரு வாசகத்தைத் தகப்பனார் சேர்க்கச் சொன்னார். சேர்த்த பிறகு முதல் கையெழுத்து அவர் போட்டார். இரண்டாவது கையெழுத்து அந்தச் சிறுமியின் தாயார்.

மனு இப்போது சர்க்கார் ஆபீசில் இருக்கிறது. மாணவர் கிராமத்திலேயே மனை பார்த்துவிட்டார். எழுபது வளைவுள்ள கொல்லிமலைச் சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம். முதல் வளைவில் "1/70" என்று எழுதிய பலகையை வாசலிலிருந்தே நினைத்துக் கொள்ளலாம். அதுவரை சிவப்பு வண்டி பள்ளிக்கூடத்துக்கு இப்பால் ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. மீதி இரண்டு பர்லாங்கை அவர் நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்.