பிளக்கைக் கழற்றிப் பார், அம்மிணி

கோபி
ஆவணி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அலுத்துக்கொண்டதுதான் காலையிலிருந்து மனசில் ஓடுகிறது. தோப்பில் புல் முழங்காலுக்கு மேலே நிற்கிறது, கிளம்பாத புல்வெட்டி மிஷினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம் என்றாய். நான் சொன்னதற்கெல்லாம் ‘ம்’ கொட்டினாய். அந்த ‘ம்’மை எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் அம்மா பால் கணக்குச் சொல்லும்போது கொட்டின அதே ‘ம்’தான். அதனால்தான் எழுதுகிறேன். மோட்டார் ரூம் ஆணியில் குத்தி வை.

முதலில் கயிற்றை விடு. எட்டுப் பத்து இழுப்புக்குள் வராத மிஷின் எண்பது இழுத்தாலும் வராது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. கழற்றும் முன்னே சுற்றிலும் ஒட்டியிருக்கும் புல் தூளை ஊதித் துடைத்துவிடு, ஓட்டைக்குள் விழுந்தால் பிஸ்டனைக் கீறிவிடும். பிளக் முனையை விரலால் தொட்டுப் பார். ஈரமாக, பெட்ரோல் வாசம் அடிக்கிறதா? இல்லை, காய்ந்து கிடக்கிறதா? இது தெரியாமல் வேறு எதிலும் கை வைக்காதே.

ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தேவைக்கு மேலேயே வருகிறது. பெரும்பாலும் சோக்கை மூடியபடியே இழுத்திருப்பாய். முதல் ‘டப்’ கேட்டவுடனே சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்த ஒரு சத்தத்தை அசட்டையாக விட்டால் எஞ்சின் பெட்ரோலில் குளித்துவிடும். சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே ஏழெட்டுத் தரம் இழுத்து உள்ளே தேங்கினதை வெளியே தள்ளு. கண்ணை அந்த ஓட்டைக்கு நேரே வைக்காதே. பிளக்கைத் துடைத்து, கரியைச் சுரண்டி, அரை மணி நேரம் காற்றாட வை.

பொறி வருகிறதா என்று பார்க்க அவசரப்படாதே. சிந்தின பெட்ரோல் சுத்தமாகக் காய வேண்டும், கேன் தள்ளி இருக்க வேண்டும். பிறகு பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, ரப்பரை மட்டும் பிடித்துக்கொண்டு, பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சினில் ஒட்டவைத்து இழு. ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், தள்ளிப் பிடி. நிழலில் பார்த்தால் நீலமாகச் சொடுக்கும். சொடுக்கவில்லையென்றால் புது பிளக் போடு. அதற்கும் வரவில்லையென்றால் கைப்பிடியில் இருக்கும் ஆஃப் ஸ்விட்சைப் பார். சிரிக்காதே. போன வருஷம் நான் ஒரு காலை முழுக்க இழுத்துவிட்டு, மிஷினை வண்டியில் கட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு விரலால் ஸ்விட்சைத் தள்ளிவிட்டு ஒரே இழுப்பில் எடுத்தார். காசும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அடுத்தது, பிளக் காய்ந்திருந்தால். உன் மிஷினின் கோளாறு இதுதான் என்று எனக்குப் படுகிறது. தை மாசம் டேங்கில் விட்ட பெட்ரோல் அப்படியே கிடக்கிறது என்றாயே! இப்போது பங்கில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் நின்றால் கார்ப்ரேட்டரின் ஊசித் துவாரங்களில் பிசின் மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும், ரப்பர் டியூபையும் விறைக்க வைக்கும். பழசை முழுக்க வடித்துவிடு. தென்னை வட்டப்பாத்தியில் ஊற்றிவிடாதே, மெக்கானிக்கிடம் கொடுத்தால் பாகம் கழுவ வைத்துக்கொள்வார். டேங்குக்குள் டியூப் நுனியில் குண்டாக ஒரு ஃபில்டர் இருக்கும். வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பார். கறுத்திருந்தால் மாற்று, விலை ஒன்றும் பெரிசில்லை. பிறகு பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழை அமுக்கு. பெட்ரோல் வந்து நிரம்ப வேண்டும். குமிழி குமிழியாகக் காற்றே வந்தால் டியூப் எங்கோ வெடித்திருக்கிறது.

புது பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க மறக்காதே. லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25-க்கு 1, 20 மில்லி என்றால் 50-க்கு 1. உன் மிஷினுக்கு எது என்று அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெறும் பெட்ரோல் ஊற்றுகிறாரே என்று நீயும் ஊற்றிவிடாதே. அவருடையது ஃபோர் ஸ்ட்ரோக், ஆயிலுக்குத் தனி வாய் உண்டு. உன்னுடையதில் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் சைலன்சர் வாயில் ஒரு குச்சியை விட்டுப் பார். நம் பழைய மிஷினில் குளவி கட்டியிருந்தது. தட்டினால் செம்மண் உருண்டை விழுந்தது, உடைத்தால் உள்ளே பச்சைப் புழுக்களை அடுக்கி வைத்திருந்தது, பெட்டிக்கடை ஜாடி மாதிரி. புகை போக வழியில்லாமல் எஞ்சின் எப்படி மூச்சு விடும்?

கார்ப்ரேட்டர் பக்கம் மட்டும் நீ போகாதே. அதற்குள் இருக்கும் மெல்லிய ஷீட் விறைத்திருந்தால் மாற்றுவதற்குப் பழகின கை வேண்டும். மச்சான் ஸ்குரூடிரைவரோடு கிளம்பினால் அதை ஒளித்து வை. அவர் திறந்துபோட்ட ரேடியோ இன்னும் நம் பரணில்தான் இருக்கிறது.

பிளக்கைப் பார்த்த உடனே கூப்பிடு. நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம், ஈரமா, காய்ந்ததா என்று மட்டும் சொல். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, ஃபில்டரும் டியூபும் வாங்கி வருகிறேன். அரிசியும் பருப்பும் சோறு வை, நெய் தாராளமாக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்