எந்த வருஷத்துல கேக்குற தம்பி?

மத்தியானம் இரண்டு மணிக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நிதானமாக டீ குடிப்பவன் ஒன்று வேலை இல்லாதவனாக இருக்க வேண்டும், அல்லது என்னைப் போல பத்திரிகைக்கு எழுதுகிறவனாக இருக்க வேண்டும். (இரண்டும் ஒண்ணுதானேடா என்பார் என் அப்பா.)

கடலூரிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்திருந்தேன். பிச்சாவரத்தில் படகு சவாரி, சுரபுன்னைக் காடு, 1975-ல் 'இதயக்கனி' எடுத்த இடம் என்று ஒரு கட்டுரை தேற்றிவிடலாம் என்பது திட்டம். திட்டத்தைக் கெடுத்தது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆயா. மீன் விற்று முடித்த காலி அன்னக்கூடை, முந்தானை முடிச்சில் சில்லறை, கையில் டீ.

"எந்த ஊரு ஆயா?"

"கொடியம்பாளையம்."

"அது எந்த மாவட்டம்?"

ஆயா டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "எந்த வருஷத்துல கேக்குற தம்பி?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், ரொம்ப நியாயமான கேள்வி ஸார் அது!

கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிற தீவு கிராமம் கொடியம்பாளையம். ஆயா கல்யாணமாகி வந்தபோது அது தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. ஊரும் அதோடு போனது. 2020-ல் மயிலாடுதுறை பிரிந்தது. ஊர் இப்போது அங்கே. மூன்று மாவட்டம் மாறிய அந்த ஊர் இருந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மட்டும் வந்துகொண்டே இருக்கும், ஸீட் மாறாது என்கிற பாக்கியம் நம் ஆபீஸில் யாருக்குக் கிடைக்கும்?

இதில் இன்னொரு கூத்து. ஊர் மயிலாடுதுறை மாவட்டம் என்றாலும், அங்கே போகிற ரோடு கடலூர் மாவட்டம் வழியாகத்தான். எதிர்க்கரையில் பழையாறு, படகில் போனால் கொஞ்ச நேரம். ரோட்டில் போனால் சிதம்பரம் வந்து சுற்ற வேண்டும். நாகப்பட்டினம் கலெக்டரைப் பார்க்க வேண்டியிருந்த காலத்தில் இவர்கள் ரூட்டைக் கேளுங்கள். சொந்த மாவட்டத்தில் புறப்பட்டு, கடலூர் மாவட்டத்தில் நுழைந்து, சிதம்பரம் வந்து, வல்லம்படுகை தாண்டி கொள்ளிடம் பாலத்தைக் கடந்தால் மறுபடி சொந்த மாவட்டம். அப்பாடா என்று கண்ணை மூட முடியாது. சீர்காழி, தரங்கம்பாடி தாண்டினால் காரைக்கால். அது புதுச்சேரி! அதையும் கடந்தால்தான் நாகை. கையில் ஒரு மனு. வழியில் ஒரு வெளி மாவட்டம், ஒரு வெளி மாநிலம். பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

சிரித்துக்கொண்டே இதை ஆயாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மனு ரெண்டு நாள் கழிச்சிக் குடுத்தா ஒண்ணும் ஆவாது தம்பி. வலி வந்தா?"

பாலம் வராத காலத்துக் கதை. பெரிய மகளுக்குத் தலைப்பிரசவம். ராத்திரி வலி எடுத்திருக்கிறது. ஓடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்களாம். தண்ணீர் வற்றுகிற நேரம். பாதி வழியில் ஓடம் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. நாலு ஆம்பளைகள் இறங்கி மார்பளவு தண்ணீரில் தள்ளியிருக்கிறார்கள். கரை சேர்ந்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது விடிந்துவிட்டது. மகள் பிழைத்தாள். குழந்தை இல்லை.

"டாக்டருங்க மேல குத்தமில்ல. தண்ணி மேல கேசு போட முடியுமா?" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்காரரிடம் டம்ளரைக் கொடுத்து, "எவ்ளோப்பா?" என்றார்.

நான் கொடுக்கிறேன் என்று எழுந்தேன். "உக்காரு தம்பி. நான் வித்துட்டு வரேன், நீ இன்னும் எழுதவே இல்ல" என்று அவரே எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்!

அதற்கு மேல் படகு சவாரிக்கு மனசு வருமா? மறுநாள் சிதம்பரத்து நண்பனின் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து கொடியம்பாளையம் போனேன். பாலம் இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். எது எங்கே முடிகிறது என்று அதற்கே தெரியாது. கருவாடு காய்கிற வாசனை. வாசலில் வரிசையாக பிளாஸ்டிக் குடங்கள். சுற்றிலும் தண்ணீர் இருக்கிற ஊரில் விருந்தாளி யோசித்துக் கேட்க வேண்டிய ஒரே பொருள், குடிக்கத் தண்ணீர்.

ஆயாவின் இரண்டாவது மகள் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரசவ வலி வந்தது பாலம் வந்த பிறகு. 108-க்குப் போன். வண்டி வாசலுக்கே வந்தது. அந்தப் பையன் இப்போது என் நண்பனின் டூவீலர் கண்ணாடியைத் திருப்பித் தன் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். பத்தாவது படிக்கிறானாம்.

அதற்காக ஆறு சாதுவாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் உடைந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? அந்த வெள்ளமெல்லாம் கடைசியில் வந்து சேர்வது இந்தப் பக்கம்தான். சிதம்பரம் தாலுகாவில் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் எல்லாம் தண்ணீருக்கு நடுவே நின்றன. 2022 ஆகஸ்டில் மறுபடியும். மழை பெய்வது குடகில், மூட்டை கட்டுவது திட்டுக்காட்டூரில். வெள்ளம் வடிந்ததும் பழைய கொள்ளிடக் கரையில் முதலை பயம் வேறு. ஆபீஸுக்கு லேட்டாக வந்ததற்கு 'முதலை ஸார்' என்று உண்மையாகவே காரணம் சொல்லக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் இவர்கள்தான்.

இன்னும் கீழே, பிச்சாவரம் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அதைத் துடைத்துவிட்டது. மிஞ்சியவர்கள் கரைப்பக்கம் வந்து குடியேறினார்கள்.

உலகத்தின் மறுகோடியில் அலாஸ்காவிலும் இதே கதை ஓடுகிறது. குஸ்கோக்விம் என்று (சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்) ஓர் ஆறு. அதன் கரையோரம் யூபிக் மக்களின் கிராமங்கள். வெளியூருக்கு ரோடே கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் அதன் மேலேயே கார் ஓட்டுகிறார்கள்! தபாலும் பலசரக்கும் குட்டி விமானத்தில் வருகின்றன. பெத்தல் என்ற ஊர்தான் அவர்களுக்குச் சிதம்பரம். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான். அதே பக்கத்தில் நியூடாக் என்ற கிராமத்தின் கரையை ஆறு தின்றுகொண்டே வர, 2019 முதல் ஊரே வேறு இடத்துக்கு வீடு மாறியது.

ஆனால் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து, மருந்துப் பெட்டியோடு ஊரிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் நோயாளியைப் பார்த்து, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, மருந்து கொடுக்கிறார். ரோடு போக முடியாத இடத்துக்கு ஆளை அனுப்பு. ஆள் போக முடியாத நேரத்துக்கு, அங்கேயே ஒருவரை வைத்துக்கொள்.

நம் கிராம சுகாதார செவிலியர் ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுதான். வெள்ளத்தில் ரோடு அறுந்த அன்றும் அந்த நர்ஸம்மா இக்கரையில் மாட்டிக்கொள்ளாமல் அக்கரையில் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பி.காம். படித்தவன் கணக்கில் சொன்னால், பாலம் என்பது சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் அழகாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிற ஒரு மனுஷி, கையிருப்பு ரொக்கம். அவசரத்துக்கு எது உதவும் என்று உங்களுக்கே தெரியும்.

கடலூர் திரும்பி, வேறு எதற்கோ பீரோவைக் குடைந்தபோது என் பிறப்புச் சான்றிதழ் கையில் வந்தது. 'தென்னாற்காடு மாவட்டம்' என்று இருந்தது! 1993-ல் பிரித்தார்கள். நானும் மாவட்டம் மாறியவன்தான். இத்தனை வருஷத்தில் அது எனக்கு உறைத்ததே இல்லை. காரணம் எளிது. என் அம்மா என்னைப் பெற்ற ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் பத்து நிமிஷம்.

ஆயாவுக்கு நான் ஒரு டீ பாக்கி. அடுத்த முறை சிதம்பரம் போகும்போது அடைக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்குப் பணம் வந்ததும்.