ஏடு உயரட்டும்

கல்விக்குக் கண் வேண்டும், கருத்து வேண்டும் என்பர் பெரியோர். கழுத்தும் முதுகும் வேண்டும் என்பதை நோய் வந்த பின்னரே பலரும் உணர்கின்றனர்.

மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த எங்கள் புதுமடத்தில், என் பள்ளிப் பருவத்தில் மேசை நாற்காலி கண்ட இல்லங்கள் சிலவே. விளக்கு தரையில் இருந்தது. ஆகவே ஏடும் தரைக்கு வந்தது. ஏட்டை நாடித் தலையும் தாழ்ந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய வேளையில், பிடரியில் தொடங்கிய வலி தோள்வழி இறங்கிற்று. பேனாவைப் பிடிக்கவே அஞ்சினேன். படிப்பை நிறுத்திவிட்டுச் சபருக்கு அனுப்பலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது.

தீர்வு கண்டவர் என் உம்மா. குர்ஆன் ஓதும் ரிஹால், ஏட்டைத் தரையினின்று உயர்த்திச் சாய்வாக ஏந்துவதை நாள்தோறும் கண்டவர் அவர். அதே அமைப்பில், சற்று உயரமாக, பாடநூலுக்கென ஒரு பலகையைத் தச்சரிடம் செய்வித்தார். விளக்கை முக்காலியில் ஏற்றினார். சில வாரங்களில் வலி தணிந்தது, தேர்வும் எழுதினேன்.

உம்மா செய்ததன் காரணத்தை நூல்களில் பின்னர் கண்டேன். எழுத்தர்களின் நோய்க்கு ஓயாத அமர்வும், ஒரே திசையில் கை அசைவும், மனவழுத்தமும் காரணங்கள் என இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713-ஆம் ஆண்டிலேயே எழுதினார். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதனை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது விழும் சுமை ஏறத்தாழ 27 கிலோவுக்கு நிகராகும் என்பது, நியூயார்க் மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணிப்பு.

இன்று அரிக்கேன் விளக்கு இல்லை. மடியில் கைபேசி இருக்கிறது. குனிவு மட்டும் மாறவில்லை. மாணவச் செல்வங்களே! ஏட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்துங்கள். நாற்காலியாயின் பாதங்கள் தரையில் படியட்டும்; இடுப்புக்குப் பின்னே ஒரு சிறு தலையணை இருக்கட்டும். எவ்வளவு செம்மையாக அமர்ந்தாலும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள். கை மரத்துப் போனாலோ, வலி நீடித்தாலோ மருத்துவரை நாடுங்கள்.

ஆண்டுதோறும் ஏழை மாணவர்க்கு நூலும் சீருடையும் வழங்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: அவற்றோடு ஒரு சாய்வுப் பலகையும் கொடுங்கள். அதன் விலை சிறிது. வலியால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனால் நேரும் இழப்போ பெரிது.