மச்சான் பிடிக்கிற கயிறு

அக்கா மகன் அடுத்த மாசம் எண்ணெய்க் கப்பல்ல ஏறுறான். போன வாரம் அக்கா போன் பண்ணி, "நீயும் பன்னெண்டு வருஷம் இருந்த கப்பல்தானல, பயமொண்ணும் இல்லையே?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்லக்கா"ன்னுட்டேன். அது பொய். அதான் இந்தப் பதிவு.

எங்க அப்பா முத்துக் குளிச்சவர். தூத்துக்குடியில கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல. கல்லோட அப்பா கீழே இறங்க, மேல வள்ளத்துல கயிறு பிடிச்சது எங்க தாய்மாமா. கயிறை மச்சான் கையிலதான் குடுப்பாங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. தங்கச்சி தாலி அந்தக் கயித்துலல்லா தொங்குது! மாமா எங்கிட்ட சொன்னது ரெண்டே விஷயம். பாரம் ஏறின கயித்துல இருந்து கண்ணை எடுக்காத. சும்மா கிடக்கிற கயித்துச் சுருளுக்குள்ள காலை வைக்காத.

நம்ம ஊரு துறைமுகத்துல கப்பல் அலைதடுப்புச் சுவருக்கு உள்ள வந்து எண்ணெய் ஜெட்டியில கட்டும். பெரிய கச்சா எண்ணெய்க் கப்பலுக்கு அந்த ஆழம் பத்தாது. குஜராத் வாடினார், கொச்சி புதுவைப்பு மாதிரி இடங்கள்ல நடுக்கடல்லயே ஒரு பெரிய போயா, அதாவது மிதவை, கிடக்கும். கடலடியில சங்கிலி போட்டு நிறுத்தியிருப்பாங்க. கப்பல் காத்தையும் நீரோட்டத்தையும் எதிர்த்து மெதுவா ஊர்ந்து வரும். படகுக்காரங்க எடுத்துக் குடுக்கிற பிக்கப் ரோப்பை வின்ச்சுல சுத்தி இழுத்தா, அது பின்னாடி 76 மில்லிமீட்டர் சங்கிலி வரும். அதை முன்தளத்து ஸ்டாப்பர்ல பூட்டணும். சங்கிலிக்கு அந்தப் பக்கம் தடிச்ச நைலான் வடம். மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி கப்பல் போயாவைச் சுத்திக்கிட்டே நிக்கும். முட்டிறாம இருக்க பின்னால ஒரு டக் இழுத்துப் பிடிச்சிருக்கும்.

அந்த பிக்கப் ரோப் சங்கிலியைத் தூக்க மட்டுந்தான். கப்பலை இழுக்க இல்ல. இது தெரியாதவங்க கப்பல்ல யாருமில்ல, ஆனா அவசரம்னு ஒண்ணு இருக்கே.

ஒரு ராத்திரி, வெளிநாட்டு முனையம் ஒண்ணு. எண்ணெய்க் குழாய் கழட்டியாச்சு, அவுத்துட்டுக் கிளம்பணும். நல்ல அலை. சங்கிலி தளர்றதுக்கு முன்னாடியே ஸ்டாப்பரைத் திறந்துட்டாங்க. பாரம் மொத்தமும் கயித்துல. வின்ச்சுல இருந்து அது உருவிக்கிட்டு ஓடுச்சு பாருங்க... போசன் என் காலரைப் பிடிச்சுப் பின்னால எறிஞ்சார். பக்கத்துல நின்ன பையனோட கால் சுருளுக்குள்ள இருந்துச்சு. முழங்காலுக்குக் கீழ போச்சு. இருபத்தோரு வயசு. என்னைத் தள்ளின கை அவனையும் எட்டியிருக்கலாமேன்னு இப்பவும் நெனப்பேன். வீட்டுல யாருக்கும் இதுவரை சொன்னதில்ல.

மாமா சொன்னதை மறந்து நானும் அங்கனதான் நின்னிருக்கேன்!

இப்ப கயிறெல்லாம் மாறிடுச்சு. எஃகுக்குச் சமமான பலம், எடை கம்மி, அறுந்தாலும் ரொம்ப வீசாதுன்னு நம்பினாங்க. 2015 மார்ச்சுல பிரிட்டன் மில்ஃபோர்டு ஹேவன்ல 'சர்கா'ங்கிற எல்.என்.ஜி. கப்பலைக் கட்டும்போது அப்படி ஒரு கயிறு அறுந்து வீசி, முன்தளத்துல நின்ன அதிகாரிக்குத் தலையில பலத்த அடி. கயிறு வீசுற இடம்னு தளத்துல பெயிண்ட் அடிச்சுக் காட்டுறதுகூட நல்லதில்லைன்னு பிரிட்டன் மாலுமிகள் கையேடு சொல்லுது. கோட்டுக்கு வெளிய நின்னா தப்பிச்சோம்னு நெனச்சிருவாங்களாம். 2024 ஜனவரி 1-லேருந்து கட்டுற கயிறு, வின்ச் எல்லாத்தையும் சோதிச்சுப் பராமரிக்கணும்னு சோலாஸ் விதியே வந்தாச்சு. நல்லதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, மழையில, கயித்துப் பக்கத்துல விதி வந்து நிக்காதே :-(

ஞாயித்துக்கிழமை மருமவன் வீட்டுக்கு வாரான். மச்சுல பழைய கயிறு ஒண்ணு கிடக்கு, எடுத்து வைக்கணும். எங்க நிக்கணும்னு காட்டிக் குடுக்கணும். அந்தப் பையன் கதையையும் சொல்லணும். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.