தெரிந்தே பிடித்த தாய்மீன்கள்

மூக்கையூர் முகத்துவாரத்தில் நான் பிடித்த பெரிய கொடுவா மீன்களில் பெரும்பாலானவை சினையோடு இருந்தவை. முதல் ஆண்டு தெரியாமல் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பிறகு தெரிந்தேதான் பிடித்தேன். சினைமீன் வரும் பருவம் என்பதற்காகவே அங்கே போனேன். இதுவரை யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஏர்வாடிக்காரன். வாப்பாவுக்குக் கடை வியாபாரம். கடலில் போய்ப் பிழைக்கும் குடும்பம் அல்ல எங்களுடையது. தூண்டில் எனக்கு ஆசை, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருச்சுழி, கமுதி வழியாகக் குண்டாற்றில் தண்ணீர் இறங்கும். மற்ற மாதங்களில் மணல் மேடிட்டுக் கிடக்கும் ஆற்றின் வாய் அப்போது உடைந்து, மன்னார் வளைகுடாவோடு சேரும். முகம் உடைந்துவிட்டது என்று போன் வந்தால் போதும், ராடையும் ரீலையும் பைக்கில் கட்டிக்கொண்டு வாலிநோக்கம் தாண்டிப் போய்விடுவேன். உயிரோடு ஒரு மடவைக் குஞ்சைக் கொக்கியில் குத்தி, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் விட்டால், கொடுவா அடிக்கும் அடியில் நரம்பு கையை அறுத்துவிடும்.

கொடுவாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் நான் செய்தது என்னவென்று விளங்கும். இந்த மீன் பெரும்பாலும் முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்துவிட்டு, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஒரு நீர்நிலையில் இருக்கும் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் வளர்ந்த மீன், முட்டையிட உப்பு மிகுந்த கடல்நீரைத் தேடி ஆற்று வாய்க்கு இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முட்டையிடும். ஒரு பெரிய தாய்மீனின் வயிற்றில் பத்து லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். அவை தண்ணீரில் மிதந்து, ஒரு நாளுக்குள் பொரித்து, குஞ்சுகள் நீரோட்டத்தோடு மறுபடியும் கழிக்குள் ஏறும். தாய் இறங்கவும் குஞ்சு ஏறவும் இருப்பது அந்த ஒரே வாசல். நான் நின்றது அந்த வாசலில்.

பெரிய மீனாக மட்டும் பார்த்துப் பிடித்தேன். சின்னதை விட்டுவிடுவேன், அதையே பெரிய தர்மமாகப் பேசவும் செய்தேன். உண்மையில் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களைக் கொன்றிருக்கிறேன். எட்டுக் கிலோவுக்கு மேல் வந்த ஒரு மீனை வீட்டில் அறுத்தபோது, இரண்டு பக்கமும் மஞ்சள் சினை கை நிறைய வந்தது. உம்மா அதை மிளகு போட்டுப் பொரித்தார்கள். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து அனுப்பினோம். எனக்கு அன்றைக்குப் பெருமை தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

மூக்கையூரில் வயதான மீனவர் ஒருவர், கரையில் கிடந்த என் மீனைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வயித்தைப் பாத்தீயளா? தாய்மீனு. எங்க வலையில விழுந்தா எடுக்கத்தான் செய்வோம், வீட்டுல உலை வைக்கணும். நீங்க ஆசைக்குத்தான வாறீய? இதுகளை விட்டுருங்க." சரிங்க என்று தலையாட்டினேன். அடுத்த பௌர்ணமிக்கும் அதே இடத்துக்குப் போனேன்.

என்னை நானே எப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டேன் என்பதுதான் இதில் மிகவும் கேவலமான பகுதி. ஊரில் நாலு பேர் கூடினால் விசைப்படகுகளைத் திட்டுவேன். இரட்டைமடி போடுகிறார்கள், சுருக்குமடி போடுகிறார்கள், கடலை வழித்துவிட்டார்கள் என்பேன். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை நிறைய இருக்கிறது. தடை செய்யப்பட்ட அந்த வலைகள் செய்த நாசத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்த உண்மையை நான் என் தூண்டிலுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன். இரண்டாவது சாக்கு, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். 1997-இலேயே அவர்கள் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்துவிட்டார்கள், இனி இந்த மீனுக்கு அழிவில்லை என்று வாதாடினேன். அந்தக் குஞ்சுகள் வளர்ப்பவர்களின் குளத்துக்கும் கூண்டுக்கும் போகிறவை என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது சாக்கு, சட்டம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளுக்கு. கார்த்திகை மாதத்தில் கரையில் நிற்கும் தூண்டில்காரனை அது தொடுவதில்லை. தொடாததனால் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கனடாவில் இருக்கும் என் மச்சானுக்கும் தூண்டில் பைத்தியம் உண்டு. பனி உருகும் காலத்தில் ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஆறுகளில் ஏறும் ஸ்டீல்ஹெட் மீனைப் பற்றி ஓயாமல் பேசுவார். கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் டிரவுட்டுக்கு அந்தப் பெயர். அங்கே அந்த மீனுக்கு ஏரியே கடல். நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்ததும் இதே வானவில் டிரவுட்தான். கொடுவா முட்டையிடக் கீழே இறங்குகிறது, இது மேலே ஏறுகிறது. பெண்மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். தூண்டில்காரன் ஆற்றில் இறங்கி நடந்தாலே காலடியில் முட்டை நசுங்கும். தெற்கு ஒன்டாரியோவின் பல ஆறுகளில் ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை வரை டிரவுட்டுக்குத் தூண்டில் போட அனுமதி இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இயற்கையில் பிறந்த ஸ்டீல்ஹெட் எதைப் பிடித்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். பண்ணையில் பிறந்ததற்கு அடையாளமாக முதுகின் பின்பக்கச் சிறு துடுப்பை வெட்டி விட்டிருப்பார்கள், அதை மட்டும் எடுக்கலாம்.

நான் அனுப்பிய கொடுவா போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "மச்சான், வயிறு இப்படி இருக்கே, விட்டுட்டீங்கதானே?" விட்டுவிட்டேன் என்று எழுதினேன். அந்த நேரத்தில் மீன் அடுப்பில் இருந்தது. மீனைக் கொன்றதைவிட அந்தப் பொய்தான் என்னை உறுத்தியது. செய்வது சரி என்று நம்பியிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

அப்புறமும் உடனே திருந்தவில்லை. இப்போது முகம் உடைந்திருக்கும் நாட்களில் மூக்கையூருக்குத் தூண்டிலோடு போவதில்லை. இந்த ஆசையே வேண்டாம் என்று உதற எனக்கு மனம் வரவில்லை. கோடையில் போகிறேன், கொக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் போடுகிறேன். அழிந்துபோன சினைக்கு இது ஈடு ஆகாது. அங்கே பெரிய கொடுவா குறைந்திருக்கிறது என்று மீனவர்கள் சொல்லும்போது, அதில் என் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட வழியில்லை. பங்கே இல்லை என்று இனிச் சொல்ல மாட்டேன்.

என்னைப் போல ஆசைக்குத் தூண்டில் போடும் இளைஞர்கள் இந்தக் கரையில் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான். மழையில் ஆற்று வாய் உடைந்திருக்கும்போது அங்கே தூண்டில் போடாதீர்கள். வேறு இடத்தில் வயிறு பருத்த பெரிய கொடுவா மாட்டினால் தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள்; இரண்டு கையாலும் படுக்கை வசத்தில் ஏந்தி, தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றுங்கள். கொக்கி தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். அதை நம்பி உலை வைக்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.