தாம்பரத்து வண்டல்

"தாம்பரத்துக்குப் போய் மண்ணையா பார்ப்பார்கள்?" என்று கேட்காதீர்கள். ஊட்டிக்குப் போனால் பூவைப் பார்க்கிறோம். குற்றாலத்துக்குப் போனால் அருவியைப் பார்க்கிறோம். தாம்பரத்துக்குப் போனால்? அக்கா வீட்டையோ, மகள் புதிதாக வாங்கியிருக்கும் அடுக்கு மாடி வீட்டையோ பார்த்து, காப்பி சாப்பிட்டுவிட்டு, அடுத்த மின்சார ரயிலைப் பிடித்துத் திரும்பி விடுகிறோம். இந்த ஒரு தடவை என்னோடு வாருங்கள். பழைய புடவையாகப் பார்த்துக் கட்டிக் கொள்ளுங்கள், சேறு படும். கையில் ஒரு காலிக் கண்ணாடிப் பாட்டில் இருக்கட்டும். அது எதற்கு என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று முதல் இந்த வழியில் எத்தனை லட்சம் பேர் போய் வந்திருப்பார்கள்! ஆனால் பறங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று வரிசையாக நிற்கும் குன்றுகளை ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? சாமானியமான குன்றுகள் அல்ல இவை. கல்கத்தாவில் ஆங்கிலேயருக்குக் காலூன்ற இடம் தேடிக் கொடுத்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்திருப்பது இந்தப் பக்கத்துக் கல்தான். அதைப் பரிசோதித்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் நிபுணர், 1893-ல் இந்த வகைப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்துவிட்டார். கல் பல்லாவரத்துடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது! இதே பல்லாவரத்துச் சரளை மண்ணில்தான் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார்.

நாம் தேடி வந்த மண்ணுக்கு இந்தக் குன்றுகள்தான் தாய்வீடு. வெயிலும் மழையும் பாறையை அரித்து அரித்துப் பொடியாக்குகின்றன. மழைத் தண்ணீர் அந்தப் பொடியை அடித்துக் கொண்டு கீழே வருகிறது. கீழே என்ன இருக்கிறது? ஏரி! சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், முடிச்சூர் என்று அடுக்கிக் கொண்டே போகலாம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு 'ஏரி ஜில்லா' என்ற பெயர் சும்மா வரவில்லை. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். செம்பாக்கத்துத் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று படி இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும்.

ஏரிக்குள் நுழையும் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. ஓட்டம் தளரத் தளர, சுமையை இறக்கி வைத்துக் கொண்டே போகும், சந்தையிலிருந்து கூடையோடு வருகிறவளைப் போல. கனமான மணலை வாய்க்கால் வந்து விழும் இடத்திலேயே போட்டுவிடும். கொஞ்சம் தள்ளி வண்டலை இறக்கும். மிகவும் நைஸான களிமண் மட்டும் தண்ணீரிலேயே மிதந்து போய், கரையோரம் ஆழமான இடத்தில் சாவகாசமாகப் படியும். ஏரியை நன்கு அறிந்த கிராமத்து ஜனங்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். வீடு கட்ட மணலா, வயலுக்கு வண்டலா, பானைக்கும் செங்கல்லுக்கும் களியா, எதை எங்கே தோண்டலாம் என்று யாரையும் கேட்க மாட்டார்கள். கரையின் காலடியில் மட்டும் மண்வெட்டி வைக்கவே கூடாது. கரை பலவீனமாகிவிட்டால் ஊரே போய்விடும்.

சரி, மாடம்பாக்கத்துக்கு வந்துவிட்டோம். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. யானை படுத்திருப்பது போன்ற அதன் தூங்கானை மாட விமானத்தைப் பார்க்காமல் திரும்பினால் பாவம்! தரிசனம் முடிந்ததும் அகரம்தென் பக்கம் கொஞ்ச தூரம் போனால், மனை விற்பனைப் பலகைகளுக்கு நடுவே அங்கங்கே இன்னும் பயிர் நிலம் தென்படும். வரப்போரம் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுங்கள்.

உலர்ந்திருந்தால் சலித்த அரிசி மாவைத் தொடுவது போல இருக்கும். மணல் போல நறநறவென்று உறுத்தாது. இப்போது இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். சோப்புப் போல வழுக்கும், ஆனால் விரலில் அப்பிக் கொண்டு போக மாட்டேன் என்று அடம் பிடிக்காது. உருட்டி முறுக்குச் சுற்றப் பாருங்கள். களிமண்ணானால் அழகாகச் சுற்ற வரும். மணலானால் உருட்டவே வராது. வண்டலோ, பக்குவம் தப்பிய முறுக்கு மாவு மாதிரி பாதிச் சுற்றிலேயே விண்டு போகும். மண் பரிசோதனை ஆயிற்று. இதைச் செய்வதற்கு விவசாயக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோகுலாஷ்டமிக்கு முறுக்குச் சுற்றியிருந்தால் போதும்.

இதற்குக் காரணம் துகளின் அளவு. ஒரு மில்லிமீட்டரை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் மேலே இருப்பது மணல். ஐந்நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் கீழே இருப்பது களி. நடுவில் இருப்பதுதான் வண்டல். மணலில் ஊற்றிய தண்ணீர் கீழே ஓடிவிடுகிறது. களியோ குடித்த தண்ணீரில் பெரும்பகுதியை வேருக்குக் கொடுக்காமல் தானே இறுக்கிப் பிடித்துக் கொள்ளுகிறது. வண்டல் தண்ணீரைப் பத்திரப்படுத்தியும் வைக்கும், செடி கேட்டால் எடுத்தும் கொடுக்கும். குறையே இல்லையா என்றால், உண்டு. ஒரு நல்ல மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் மேலே பொருக்குத் தட்டிவிடும். முளைத்து வரும் விதைக்கு அது இரும்புக் கதவு. அதைக் களைக்கொட்டால் கிளறிவிட வேண்டும். சரிவான நிலமாக இருந்தாலோ, வந்த வழியே தண்ணீரோடு புறப்பட்டுப் போய்விடும்.

அந்தக் காலத்தில் சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் வரிசையாக மாட்டு வண்டிகள் உள்ளே இறங்கும். வண்டல் அடிப்பது என்று அதற்குப் பெயர். மேட்டு நிலத்துச் செம்மண்ணில் இந்த வண்டலைப் பரப்பி உழுதால், நிற்காத தண்ணீர் நிற்கும். வற்றிய ஏரியில் மேய்ந்த ஆடு மாடுகளின் சாணமும் புழுக்கையும், கருவேலந் தழையும், மக்கிய பாசியும் அதிலே கலந்திருப்பதால் உரமும் ஆகும். ஏரியும் ஆழமாகும். ஒரே வேலையில் இரண்டு காரியம்! உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தால், கி.பி. 919-லும் 921-லும் குடவோலை போட்டு 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஏரியைக் கவனிப்பது அவ்வளவு பெரிய உத்தியோகமாக இருந்திருக்கிறது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. முடிச்சூர்ப் பக்கம் என் தமக்கை வீடு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றில் வந்த வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். எல்லோரும் மாடியில் இருந்து தப்பித்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், தரை முழுவதும் நான்கு விரற்கடை கனத்துக்குச் சேறு! கல்யாண ஆல்பம், தையல் மெஷின், பூஜைப் படங்கள் எல்லாம் அதற்குள்ளே. அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அத்திம்பேரும் வாரி வாரித் தெருவில் கொட்டினோம்.

அப்போது வேலை செய்ய வரும் ஆயா ஒரு கை சேற்றை எடுத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "வண்டலும்மா இது. இதுக்குத்தான் எங்க மாமனார் விடியக் காலையிலே வண்டி கட்டிக்கிட்டுப் போவாரு. இப்ப ஊட்டுக்குள்ளாறவே வந்துடுச்சு" என்றாள். பிறகு, சற்றுத் தயங்கி, "உங்க ஊடு இருக்குதே, இது எங்க நாத்தங்கால்" என்றாள்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், அது வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை! நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மழைக்கு உப்பியும் வெயிலுக்குச் சுருங்கியும் களி நிலம் சுவரில் விரிசல் விடுவது ஏன் என்பதும் விளங்கிற்று. அத்திம்பேர் அது வரை மேஸ்திரியைத்தான் திட்டிக் கொண்டிருந்தார். அந்தச் சேற்றில் சாக்கடையும் கலந்திருந்ததால் கீரை போடத் துணியவில்லை. கொல்லை மூலையில் குவித்தோம். ஆயா அதில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டுப் போனாள்.

ஏரி மண் எவ்வளவு உசத்தி என்பதற்குக் காஷ்மீரத்தைப் பாருங்கள். ஆதி காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கையே ஏரி மூடியிருந்தது. அதில் படிந்த மண் மேடுகளுக்குக் 'கரேவா' என்று பெயர். நாம் பாலில் இரண்டே இரண்டு இதழ் போட்டுக் கணக்குப் பார்க்கிறோமே, அந்தக் குங்குமப்பூ பாம்பூரில் விளைவது அந்த மேடுகளில்தான். நமது செம்பாக்கத்தில் குங்குமப்பூ வராது. அதனால் என்ன, கீரைத்தண்டு வரும்!

ஏரி வண்டலைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக் கொள்ள 2017-ல் தமிழக அரசு வழி செய்தது. விவசாயிகளோடு பானை செய்வோருக்கும் அனுமதி உண்டு. 2024-ல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று சுலபமாக்கினார்கள். ஆனால் தாம்பரத்தைச் சுற்றி, எடுத்த வண்டலைக் கொட்டுவதற்கு வயலை அல்லவா தேட வேண்டியிருக்கிறது? பள்ளிக்கரணையில் மிஞ்சிய சதுப்பு நிலத்துக்காவது 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது.

பாட்டில் எங்கே? அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கிச் சமையலறை ஜன்னலில் வையுங்கள். அடுப்பைப் பற்ற வைத்துத் திரும்புவதற்குள் மணல் அடியில் படிந்துவிடும். சமையலை முடித்துக் கொண்டு வந்தால் அதன் மேல் வண்டல் ஒரு பட்டையாக நிற்கும். களி மறுநாளும் தெளியாமல் கலங்கலாகவே இருக்கும். என் வீட்டு ஜன்னலில் மாடம்பாக்கம் ஒன்று, முடிச்சூர் ஒன்று என்று இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. முடிச்சூர்ப் பாட்டிலில் வண்டல் பட்டைதான் பெரியது. அக்கா வரும்போதெல்லாம் அதை ஒரு தடவை குலுக்கி வைத்துவிட்டு, முருங்கைக்காய்க் கட்டை மேஜை மேல் போடுகிறாள்.