ரொட்டியைக் குறை சொல்லுமுன்

மலையகத் தோட்ட மக்களின் உணவைப் பற்றிப் பேச வருகிற வெளியார் பெரும்பாலும் முதலில் கை வைப்பது கோதுமை மா ரொட்டியில்தான். காலையிலும் ரொட்டி, மலையில் பகலுக்கும் ரொட்டி, சில வீடுகளில் இரவுக்கும் அதுவே. இதை விட்டுவிட்டுக் குரக்கனும் கீரையும் பருப்பும் சாப்பிடக் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. பதுளை, ஹாலி-எல, பசறை, தெமோதரைப் பக்கத் தோட்டங்களின் அடுப்பங்கரைகளையும், பதுளை பஸ் நிலையத்தை அண்டிய சிறு சாப்பாட்டுக் கடைகளையும் பார்த்து, அங்கே சமைப்பவர்களோடு பேசிய பின் எனக்குத் தோன்றுவது வேறு. குறைந்த காசில் வயிறு நிறைய வைக்கும் வித்தையை ஊவாவில் யாரும் யாருக்கும் கற்றுத்தரத் தேவையில்லை. அந்த வித்தை இங்கே நன்றாகவே தேர்ந்திருக்கிறது. இல்லாமற் போனவை சமைப்பவளுக்கு நேரம், நல்ல விறகு, பயிரிட ஒரு துண்டு நிலம் ஆகிய மூன்றும்தான்.

ரொட்டி சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். மாவில் உப்பையும் துருவிய தேங்காயையும் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைகிறார்கள். தேங்காயிலேயே ஈரம் இருப்பதால் அளவு பாத்திரத்துக்கு இங்கே வேலையில்லை. கையில் ஒட்டாத பதம் வந்துவிட்டதை விரல்கள்தான் சொல்ல வேண்டும். மாவை மூடிவைத்த இடைவெளியில் அம்மியில் மிளகாயும் வெங்காயமும் அரைபட்டுக் கட்டச் சம்பல் ஆகிறது. பிறகு உருண்டையை உள்ளங்கையால் தட்டி, விரல் நுனியால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி விரிக்கிறார்கள். ஓரம் மெலிந்து நடு தடித்துவிட்டால் ஓரம் கருகும், நடு வேகாது. கல்லில் இரு பக்கமும் பொரிந்ததும் தணலில் ஒரு முறை காட்டி எடுத்தால் வேலை முடிந்தது. ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை. காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு, ஓட வேண்டியவள், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் சிறியதைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்பும் அவசரத்துக்கு நடுவே செய்கிற வேலை இது. கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை) மழைக்காலத்தில் எரிவதைவிடப் புகைவதே அதிகம். அந்த அடுப்பில் சோறும் இரண்டு கறியும் ஆக்கி இறக்குவதற்குள் பெரட்டு கலைந்துவிடும். பிந்திப் போனால் கொழுந்துக் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, அரைப் பேராகும். மலையில் கொழுந்துக் கறை படிந்த கையோடு, அலசத் தண்ணீர் தேடாமல், சிந்தாமல், ஆறினாலும் கெடாமல் சாப்பிடக்கூடிய உணவு வேண்டும். இத்தனை கணக்குக்கும் ஒரே விடையாக நிற்பது ரொட்டி. இதைப் பழக்க தோஷம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த விடைக்கு வரலாறும் உண்டு. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் சோறும் கேழ்வரகும் உண்டவர்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட, தோட்டம் குறித்த விலையில் அரிசி வழங்குவதைக் கூலியோடு சேர்த்தே பார்த்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா புகுந்தது. 1973-74 தட்டுப்பாட்டில் அரிசியும் மாவும் எட்டாத பொருளாகித் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு விகிதம் வெகுவாக உயர்ந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பின், கோதுமை மா நாட்டின் எந்த மூலைக் கடையிலும் எந்த நாளும் கிடைக்கும் சரக்காயிற்று. ஆக, தோட்டத்து மனிதர் கோதுமையைத் தேடிப் போகவில்லை. போரும் பங்கீடும் இறக்குமதிக் கொள்கையும் அதைக் கொண்டுவந்து, லயம் என்னும் வரிசை வீட்டில் அவர்கள் வாழும் காம்பராவில் இறக்கின.

வந்ததைக் கொண்டு அவர்கள் செய்து பார்த்தவைதாம் என்னை அதிகம் கவர்ந்தன. வீட்டுச் சமையல் பரிசோதனை என்றதும் புதுக் கருவிகளும் புது மசாலாக்களும் நினைவுக்கு வரும். லயத்துப் பரிசோதனை இல்லாததிலிருந்து தொடங்குகிறது. 2022 நெருக்கடியில் மாவின் விலை சில மாதங்களுக்குள் பல மடங்கு ஏறியபோது, அவித்து மசித்த மரவள்ளிக்கிழங்கு மாவோடு சேர்ந்தது. மிஞ்சிய சோறும் சேர்ந்தது. 2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டபோது, தேங்காய்ப்பூவின் இடத்தை நறுக்கிய வெங்காயமும் முருங்கைக் கீரையும் பிடித்துக்கொண்டன. கிழங்கு சேர்ந்த மாவு இளகும், தட்டும்போது கிழியும். ஆகவே தண்ணீரைக் குறைத்து, ரொட்டியைச் சிறியதாகத் தட்டி, தணலைத் தணித்துச் சுட வேண்டும். சமையல் புத்தகம் எதிலும் படிக்காமல், ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வாய்வழியே பரவிய அறிவு இது.

பதுளை நகரத்துக் கடைகளும் இதே வித்தையின் மறுபக்கம். பெரிய பலகையும் வண்ணப் படங்களும் மாட்டிய கடைகளை விட்டுவிட்டு, பகல் பதினொன்றரைக்கு மேல் பஸ் சாரதிகளும் ஆட்டோக்காரரும் சந்தையில் மூட்டை தூக்குபவரும் எங்கே நுழைகிறார்கள் என்று பார்த்தால் போதும். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், சம்பல், அப்பளம். பருப்பையும் மரக்கறியையும் கேட்டால் இன்னொரு கரண்டி. அன்றைய சந்தையில் எது மலிவோ அதுவே அன்றைய கறி என்பதால்தான் இந்த விலை கட்டுப்படியாகிறது. மாலையில் ரொட்டி பாஸின் முறை வரும். எண்ணெயில் ஊறிய உருண்டையைக் கண்ணாடியாக விசிறி, மடித்து, கல்லில் போட்டு எடுப்பார். பகலில் விற்காமல் மிஞ்சிய ரொட்டி கொத்தாகி மறுபிறவி எடுக்கும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ கேஸ் 4,860 ரூபாயானபோது, இத்தகைய சிறு கடைகள் பல விறகடுப்புக்குத் திரும்பின. இந்தக் கல்லடியில் நிற்கும் பிள்ளைகள் பலர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தாய் விடியலில் தட்டும் ரொட்டிக்குக் கூலியே இல்லை. மகன் இரவில் விசிறும் ரொட்டிக்குக் கூலி குறைவு. மலிவான தட்டின் மீதிப் பணத்தைக் கட்டுபவர்கள் இவர்களே.

ரொட்டிக்குச் சார்பான இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவானது சத்துக் கணக்கு. 2016 தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம்; தோட்டப் பகுதியில் 32 சதவீதம். இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு ரொட்டியைப் புகழ்வது தகுமா என்று கேட்கலாம். ரொட்டியும் சம்பலும் மட்டும் ஒரு பிள்ளையை வளர்க்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரொட்டியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் முட்டையும் பாலும் தானாக வந்து உட்காராது. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக்கப்பட்டது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும், எத்தனை முழுப் பேர் விழும் என்பதைப் பொறுத்தே முட்டை வரும். மொனராகலைப் பக்கத்துக் குரக்கன் நல்ல தானியந்தான். கடையில் அதன் மா கோதுமை மாவைவிட விலை கூடியது. பக்கத்து வெலிமடையில் மரக்கறி விளைந்து குவிகிறது. அது கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறி ஏறி வெளியூர் போகிறது. லயத்துப் பின்புறத்தில் கீரை போடலாமே என்பார்கள். போடுகிறார்கள், ஆனால் அந்த நிலம் அவர்களுடையதல்ல, நாளைக்கு நிலைக்குமா என்பது தெரியாது. தனி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணிகளில் வீட்டைச் சுற்றி மிஞ்சும் மண் கொஞ்சமே.

இன்னொரு மறுப்பு, கோதுமை மா இல்லாமலே மலிவாகச் சமைத்து விற்கும் பெண்கள் இருக்கிறார்களே என்பது. விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடைகளைக் காட்டுகிறார்கள். குரக்கன், அரிசி மா, கீரை, கிழங்கு என உள்ளூர்ப் பொருள்களால் அங்கே பெண்கள் நன்றாகவே நடத்துகிறார்கள். அந்தச் சான்று என் பக்கமே பேசுகிறது. அங்கே சமைப்பவளுக்குக் குழாய்த் தண்ணீர் உண்டு, நல்ல அடுப்பு உண்டு, கடையிடம் உண்டு, சமையலுக்கு வருமானமும் உண்டு. இவற்றைக் கொடுத்தால் பெண்கள் மாவை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பிள்ளைக்காம்பராவில் நாள்தோறும் ஒரு முட்டையோடு பகல் சாப்பாடு, வீட்டோடு சேர்த்து உறுதியான உரிமையில் தோட்டம் போட மண், புகையாத அடுப்பு, தோட்டப் பெண்கள் தாமே நடத்தும் உணவுக் கடைகளுக்குப் பதுளை, பண்டாரவளை, எல்ல நகரங்களில் இடம். எல்லவுக்கு வரும் வெளிநாட்டார் தேயிலையைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் கொய்பவள் சுட்ட ரொட்டியை அவர்கள் விலை கொடுத்துச் சாப்பிடவும் வழி செய்யலாம். வாசகர் நீங்கள் பதுளைக்குப் போனால், பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சிறு கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், விலை பேசாதீர்கள். தோட்டத்துக்குப் போனால், ரொட்டியைப் பற்றி அறிவுரை சொல்லுமுன் அடுப்பில் என்ன விறகு எரிகிறது என்று கேளுங்கள்.